மாத்திரையை நிறுத்தாமல் எடுத்த இரண்டு கடைவாய்ப் பற்கள்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐம்பத்திரண்டு வயதான ஒரு பெண்மணி, கீழ்த்தாடையின் இடப்புறத்தில் எட்டு நாளாகப் பல்வலி என்று ஒரு வியாழக்கிழமை காலை தம் மகனுடன் வந்தார். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே, “டாக்டர், பல்லை என்ன வேணும்னாலும் பண்ணுங்க, ரத்த மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லிடாதீங்க” என்றார். பிறகு கைப்பையிலிருந்து, பிளாஸ்டிக் உறையில் சுற்றி வைத்திருந்த ஒரு நோட்டை எடுத்து என் மேசைமேல் வைத்தார். பதினோரு ஆண்டுகளாக மாதம் ஒரு முறை எடுத்த ஐஎன்ஆர் அளவுகள் (ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் எண்; அது ஏற ஏற உறைவது தாமதமாகும்) அதில் தேதியோடு வரிசையாக எழுதப்பட்டிருந்தன. இப்படி ஒரு நோட்டை ஒழுங்காக வைத்திருக்கும் நோயாளியிடம் பாதி வேலை முடிந்துவிடுகிறது என்பது என் அனுபவம். அவரை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் அவருடைய மைட்ரல் வால்வு சுருங்கிப்போய், பதினோரு ஆண்டுகளுக்கு முன் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செயற்கை வால்வு பொருத்தப்பட்டிருக்கிறது. நம் பகுதியில் இவ்வாறு வருகிறவர்களில் பலருக்கு, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனத்தில் உருவாகி 1990 டிசம்பரில் முதன்முதலாகப் பொருத்தப்பட்ட சித்ரா வால்வு இருப்பதைப் பார்க்கலாம். இவருக்கு இருப்பது இரண்டு இலைகள் கொண்ட கார்பன் வால்வு. இதயத் துடிப்பும் சீரற்றது. இடது மேலறை ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்கிக்கொண்டிருக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நிலை. அவர் சொன்ன ரத்த மாத்திரை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் அசிட்ரோம், அதாவது அசெனோகூமரால்: அன்றாடம் மாலை ஏழு மணிக்கு, ஒரு நாள் 2 மில்லிகிராம், மறுநாள் 3 மில்லிகிராம். இதனுடன் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மெட்டோப்ரோலால், நீரை வெளியேற்றும் ஃபுருசமைடு. ஆஸ்பிரின் இல்லை. மைட்ரல் இடத்தில் உலோகம் அல்லது கார்பன் வால்வு உள்ளவருக்கு ஐஎன்ஆர் 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். நோட்டில் கடைசியாக எழுதியிருந்தது, இருபத்தேழு நாட்களுக்கு முந்தைய 2.9.

அவருடைய முதல் வாக்கியத்துக்கு ஒரு காரணம் இருந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் வேறோர் இடத்தில் ஒரே ஒரு பல்லை எடுப்பதற்காக மாத்திரையை ஐந்து நாள் நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். பல் எடுத்தபோது ஒரு சொட்டுகூடத் தொல்லை தரவில்லை. மாத்திரையைத் திரும்பத் தொடங்கிய மூன்றாம் நாள் காலை, காபி டம்ளரைப் பிடித்திருந்த வலக்கை தளர்ந்து டம்ளர் கீழே விழுந்திருக்கிறது, பேச்சு குழறியிருக்கிறது. இருபது நிமிடத்தில் எல்லாம் சரியாகிவிட்டது. அன்று எடுத்த ஐஎன்ஆர் 1.3. நோட்டில் அந்த எண்ணுக்குக் கீழே மகன் சிவப்பு மையால் இரண்டு கோடு போட்டு வைத்திருந்தார்.

வாயைப் பார்த்தபோது, கீழ் இடப்புற முதல் கடைவாய்ப் பல் (36) வேர்கள் பிரியும் இடம் வரை சொத்தையாகி, கன்னத்துப் பக்க ஈறு பட்டாணி அளவுக்கு வீங்கியிருந்தது. அதற்கு அடுத்த பல் (37) ஏற்கெனவே உடைந்து இரண்டு வேர்க்கட்டைகளாக நின்றது. இரண்டும் காப்பாற்றக்கூடியவை அல்ல. மேல் வலப்புறத்தில் தொந்தரவு தராத ஒரு வேர்க்கட்டையும் இருந்தது. காய்ச்சல் இல்லை, வாய் திறப்பதில் சிரமம் இல்லை. கண்ணில் பட்ட வேறொன்று இருந்தது: இடது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போன நீலம். எதிலும் இடித்துக்கொண்ட நினைவு இல்லை என்றார். மலம் கறுப்பாகப் போகிறதா, சிறுநீர் சிவந்திருக்கிறதா என்று கேட்டேன், இல்லை. காலையில் பல் துலக்கும்போது மூன்று நாளாக ஈறில் ரத்தம் வருகிறது என்றார்.

அன்று காலையே எடுத்த ஐஎன்ஆர் 5.8.

ஐஎன்ஆர் ஏறிய வழி

நீல மூடிக் குழாயில் ரத்தம் குறைவாக எடுக்கப்பட்டால் அதிலுள்ள, உறைவைத் தடுக்கும் சிட்ரேட்டின் விகிதம் கூடிப்போய் ஐஎன்ஆர் பொய்யாக உயர்ந்து காட்டும். ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற அளவு தவறக் கூடாது. அதனால் கோடு வரை நிரப்பி இரண்டாம் முறை அனுப்பினேன்; 5.6 வந்தது. அளவு உண்மைதான். இருபத்தேழு நாளில் 2.9 எப்படி இரண்டு மடங்கானது என்பதற்கு விடை மகனின் சட்டைப் பையில் இருந்தது. வலி தொடங்கிய மறுநாள் மருந்துக் கடையில் சொல்லி வாங்கிய பட்டைகள் அவை: கிருமிக்கொல்லியான மெட்ரானிடசோல் 400 மூன்று வேளை, வலி மாத்திரையான டைக்ளோஃபினாக் இரண்டு வேளை, ஆறு நாட்களாக.

அசெனோகூமராலும் அதே வகையைச் சேர்ந்த வார்ஃபரினும் கல்லீரலில் வைட்டமின் கே திரும்பத் திரும்பப் பயன்படும் சுழற்சியைத் தடுத்து, 2, 7, 9, 10 ஆகிய உறைகாரணிகளை அரைகுறையாக்கிவிடுகின்றன. இந்த மருந்துகளைச் சிதைத்து வெளியேற்றும் நொதியை மெட்ரானிடசோல் முடக்குகிறது. ஆகவே உட்கொள்ளும் அளவு மாறாமலே உடலில் மருந்து கூடிக்கொண்டே போகும். டைக்ளோஃபினாக் ஐஎன்ஆரைவிட அதிகமாக, உறைவுக்கு உதவும் தட்டணுக்களையும் இரைப்பையின் உட்சவ்வையும் கெடுக்கும். மூன்றாவதாக ஒன்றும் இருந்தது. மெல்ல முடியாததால் அவர் எட்டு நாளாக வெறும் கஞ்சியும் மோரும் குடித்திருக்கிறார். வாரம் இரண்டு நாள் முருங்கைக்கீரை சாப்பிட்டுப் பழகிய உடம்புக்கு வைட்டமின் கே வரத்து சட்டென்று நின்றுவிட்டது. கீரையே தொடக் கூடாது என்று இத்தகைய நோயாளிகளுக்குச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என்றும்போல் அதே அளவு சாப்பிட்டால் மருந்தின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளலாம். திடீரென்று விடுவதும் திடீரென்று சேர்ப்பதும்தான் அளவைக் குலைக்கின்றன.

அன்று பல் எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். ஸ்காட்லாந்தின் பல் மருத்துவ வழிகாட்டுதல் (2015இல் வந்து 2022இல் திருத்தப்பட்டது) ஐஎன்ஆர் 4க்குக் கீழே இருந்தால் வார்ஃபரின் வகை மருந்தை நிறுத்தாமலே பல் எடுக்கலாம் என்கிறது. 4ஐத் தாண்டினால் தள்ளிப்போடச் சொல்கிறது. வலியை மட்டும் தீர்க்க வேண்டியிருந்தது. 36ஆம் பல்லின் உயிர்க்கூழ் செத்துப்போயிருந்ததால் ஊசி போடாமலே பல்லின் மேற்புறத்தைத் திறந்தேன். சீழ் கசிந்து வந்ததும் எட்டு நாள் வலி பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. வேர் நுனியைச் சார்ந்த வேலை என்பதால் அதற்கு ஒரு மணி நேரம் முன்பே, வால்வில் கிருமித் தொற்று வராமலிருக்க, அமாக்சிசிலின் 2 கிராம் ஒரே வேளையாகக் கொடுத்திருந்தேன். இரண்டு பட்டைகளையும் வாங்கிக் குப்பையில் போட்டேன்.

இதய மருத்துவரைத் தொலைபேசியில் அழைத்தபோது அவர் சொன்னது: அன்றிரவு ஒரு வேளை மட்டும் அசிட்ரோமை விட்டுவிடுங்கள், மறுநாள் பாருங்கள், வைட்டமின் கே ஊசி வேண்டாம். ரத்தக்கசிவு இல்லாத நிலையில் செயற்கை வால்வு உள்ளவருக்கு வைட்டமின் கே கொடுத்தால் அளவு மடமடவென்று சரிந்து, பிறகு பல நாட்களுக்கு மாத்திரைக்கே வசப்படாமல் போகக்கூடும். வெள்ளிக்கிழமை ஐஎன்ஆர் 4.3. அன்றிரவு 2 மில்லிகிராமுடன் மாத்திரை மீண்டும் தொடங்கியது.

நிறுத்தாததன் கணக்கு

சனிக்கிழமை தொலைபேசியில் பேசிய மகன், “இது எலி மருந்துன்னு சொல்றாங்களே சார், அதை நிறுத்தாம எப்படி பல்லு எடுப்பீங்க?” என்று கேட்டார். கேள்வியில் பாதி உண்மை. பூசணம் பிடித்த இனிப்புக் குளோவர் வைக்கோலைத் தின்ற மாடுகள் ரத்தம் உறையாமல் இறந்ததை ஆராய்ந்துதான் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கார்ல் பால் லிங்க் குழுவினர் இந்த மருந்துக் குடும்பத்தைக் கண்டெடுத்தனர். வார்ஃபரின் 1948இல் எலிக்கொல்லியாகவே விற்பனைக்கு வந்தது, 1954இல்தான் மனிதர்களுக்கு அனுமதி கிடைத்தது. எலியின் கதையைவிட மகனுக்கு நான் சொல்ல வேண்டியிருந்தது நாட்களின் கணக்கு.

“ஐந்து நாள் நிறுத்துங்கள்” என்ற சொல் ஐந்து நாளில் முடிவதில்லை. ஐந்து நாள் என்பது வார்ஃபரினுக்கு வழங்கிவந்த பழைய கணக்கு. அதன் அரைவாழ்வு, அதாவது உடலில் அது பாதியாகக் குறைய ஆகும் நேரம், ஒன்றரை நாளுக்கும் மேல். அசெனோகூமராலின் அரைவாழ்வு எட்டு முதல் பதினொரு மணி நேரமே என்பதால் நிறுத்திய இரண்டாம் நாளுக்குள் ஐஎன்ஆர் ஏறக்குறைய இயல்பு நிலைக்கு இறங்கிவிடும். அப்படியானால் ஐந்தில் மூன்று நாள் வால்வு காவலின்றி நிற்கிறது. திரும்பத் தொடங்கினாலும் பழைய உறைகாரணிகள், அதிலும் அறுபது மணி நேர அரைவாழ்வு கொண்ட புரோத்ராம்பின், கரைந்து முடியும் வரை முழுப் பாதுகாப்பு வராது, அளவு 2.5ஐத் தொட ஒரு வாரம்கூட ஆகலாம். போதாததற்கு, ரத்தம் உறைவதை இயல்பாகத் தடுக்கும் சி புரதமும் இதே வைட்டமினைச் சார்ந்தது. மாத்திரையைத் தொடங்கியதும் முதலில் குறைகிறவற்றில் அதுவும் ஒன்று. ஆக, ஒரு பல்லுக்காக ஐந்து நாள் என்று சொன்னது, கூட்டிப் பார்த்தால் பத்து நாளை எட்டுகிறது. இவருக்கு நான்கு ஆண்டுகளுக்கு முன் டம்ளர் விழுந்த நாள் இந்தப் பத்து நாளுக்குள்தான் வருகிறது. அது உறைகட்டியால் வந்ததுதான் என்று இன்று நிரூபிக்க வழியில்லை; 1.3 என்ற எண்ணையும் மைட்ரல் வால்வையும் நடுங்கும் மேலறையையும் சேர்த்துப் பார்க்கிற எந்த மருத்துவரும் வேறு காரணத்தை முதலில் தேட மாட்டார்.

எதிர்ப்பக்கத்தில் இருப்பது பற்குழி. அது எலும்புச் சுவர் உள்ள சிறு குழி. கண்ணுக்குத் தெரியும், விரலுக்கு எட்டும், பஞ்சு வைத்துக் கடிக்கலாம், தையல் போடலாம். 1998இல் பல் மருத்துவர் மைக்கேல் வால் தொகுத்து வெளியிட்ட ஆய்வு இன்றும் எடுத்துக் காட்டப்படுகிறது. மருந்தை நிறுத்தாமல் 950க்கும் மேற்பட்டோருக்கு நடந்த 2,400க்கும் மேற்பட்ட பல் சிகிச்சைகளில், அழுத்தம், தையல் போன்ற உள்ளூர் முறைகளுக்கு அடங்காமல் ரத்தம் வந்தது 12 பேருக்கு மட்டுமே. மருந்தை நிறுத்திய 526 பேரில் 5 பேருக்கு உறைகட்டியால் கடுமையான பாதிப்பு ஏற்பட்டு, அவர்களில் 4 பேர் இறந்தனர். நிறுத்திய நாட்கள் எல்லோருக்கும் ஒன்றாக இல்லை என்பதால் இரண்டாவது எண்ணை அப்படியே இன்றைய நோயாளியின்மேல் பொருத்த முடியாது. ஆனாலும் இரண்டு தட்டுகளில் எது கனமானது என்பதில் குழப்பமில்லை.

மாத்திரையை நிறுத்திவிட்டு, உறைவைத் தடுக்கும் ஹெப்பாரின் ஊசியால் இடைவெளியை நிரப்புவது என்ற வழியையும் மகன் எங்கோ கேட்டு வந்திருந்தார். 2015இல் வெளிவந்த பிரிட்ஜ் ஆய்வு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் நோயாளிகள் 1,884 பேரிடம், இந்த ஊசியால் உறைகட்டி குறையவில்லை என்றும் பெரிய ரத்தக்கசிவு 1.3 சதவீதத்திலிருந்து 3.2 சதவீதமாகக் கூடியது என்றும் காட்டியது. செயற்கை வால்வு உள்ளவர்கள் அந்த ஆய்வில் சேர்க்கப்படவில்லை; பெரிய அறுவை சிகிச்சையானால் இவருக்கு அந்தப் பேச்சு எழும். இரண்டு பல் எடுக்க அது தேவையே இல்லை.

திங்கட்கிழமை

வாரத்தின் தொடக்கத்தில், காலையில், முதல் ஆளாக என்பது இத்தகையவர்களுக்கு நான் விடாமல் பின்பற்றும் வழக்கம். ரத்தம் மீண்டும் கசிந்தால் அன்று பகலிலும் மறுநாளும் ஆள் இருக்க வேண்டும். சனிக்கிழமை மாலையில் பல் எடுத்துவிட்டு ஞாயிறன்று அலைய விடக் கூடாது. திங்கள் காலை 8.20க்கு ஐஎன்ஆர் 3.1. ரத்த அழுத்தம் 136/84. நான்கு நாளைக்கு முன்தான் அமாக்சிசிலின் கொடுத்திருந்ததால், இதய மருத்துவரின் ஒப்புதலுடன், அமெரிக்க இதயச் சங்கத்தின் 2021ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ள டாக்சிசைக்ளின் 100 மில்லிகிராமை வேறு வகை மருந்தாக ஒரே வேளை கொடுத்தேன்.

கீழ்க் கடைவாய்ப் பல் என்றால் தாடைக் கோணத்தின் உட்புறம் ஆழமாக ஊசி செலுத்தி நரம்பை மரக்கச் செய்வதே நாம் எல்லோரும் படித்த முறை. ஐஎன்ஆர் 3.1 உள்ளவரிடம் அந்த ஊசி ஒரு ரத்தக்குழாயைத் துளைத்தால், விரலால் அழுத்த முடியாத இடத்தில் ரத்தம் தேங்கித் தொண்டையை நோக்கி இறங்கும். ஆகவே மரப்பு மருந்தான 4 சதவீத ஆர்டிகெய்னைக் கன்னத்துப் பக்க ஈறிலும், பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலும் மெதுவாகச் செலுத்தினேன். 1.7 மில்லிலிட்டர் குப்பிகள் இரண்டு. 1:1,00,000 விகிதத்தில் அவற்றிலுள்ள அட்ரினலின் மொத்தம் 0.034 மில்லிகிராம். இதய நோயாளிக்கு வழக்கமாகக் கொள்ளும் 0.04 வரம்புக்குள் அது அடங்கிவிடுகிறது. ஆழ ஊசி தவிர்க்க முடியாதபோது, உறிஞ்சிப் பார்த்துவிட்டுச் செலுத்தும் சிரிஞ்சு இல்லாமல் போடக் கூடாது.

முதலில் 37இன் வேர்க்கட்டைகள். பல்லை நெம்பும் எலிவேட்டரின் இரண்டு திருப்பலில் வந்துவிட்டன. 36ஐ முரட்டுத்தனமாக அசைத்து எலும்பை உடைப்பதைவிட, டிரில்லால் நடுவில் இரண்டாகப் பிளந்து ஒவ்வொரு வேராக எடுப்பது எனக்கு உகந்தது. ஈறைக் கிழித்துத் திறக்கவில்லை. வேர் நுனியில் ஒட்டியிருந்த சிவந்த சதை வளர்ச்சியை முழுவதும் சுரண்டி எடுத்தேன். பல் எடுத்த பின் நிற்காமல் கசியும் ரத்தத்துக்கு, மாத்திரையைவிட அதிகமாக, குழியில் மிச்சம் விடப்பட்ட அந்தச் சதைதான் காரணமாக இருப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். பிறகு குழிச்சுவர்களை விரல்களால் நெருக்கி, ரத்தத்தை நிறுத்த உதவும் ஆக்சிடைஸ்டு செல்லுலோஸ் துண்டுகளை உள்ளே வைத்து, 3-0 விக்ரில் நூலால் எட்டு வடிவத் தையல் போட்டேன்.

தையலுக்காக முகத்தருகே குனிந்தபோது, உறிஞ்சு குழாயை நிறுத்திய ஒரு நிமிட அமைதியில், திறந்த வாய் வழியே அவருடைய வால்வின் ஒலி கேட்டது. கைக்கடிகாரத்தைப் போன்ற ‘டிக்’. ஆனால் கடிகாரத்தின் சீர் இல்லாமல், மூன்று நெருக்கமாக, ஒன்று தள்ளி, இரண்டு நெருக்கமாக. தாம் இரவில் மின்விசிறி நின்றால் அதைக் கேட்டபடியே படுத்திருப்பதாக அவர் பின்னர் சொன்னார்.

டிரானெக்சாமிக் அமில ஊசிமருந்தில் நனைத்த பஞ்சை வைத்து முப்பது நிமிடம், சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, கடிக்கச் சொன்னேன். ரத்த உறைவைக் கரைக்கும் நொதியைத் தடுக்கும் இந்த மருந்தை ஜப்பானைச் சேர்ந்த உத்தாகோ ஒகமோத்தோவும் அவருடைய கணவரும் 1962இல் உலகுக்கு அறிவித்தனர். எச்சிலிலேயே உறைவைக் கரைக்கும் தன்மை இருப்பதால் வாய்க்கு இது பொருத்தமானது. 1989இல் டென்மார்க் ஆய்வாளர்கள், மருந்தை நிறுத்தாமல் வாய் அறுவை செய்துகொண்ட 39 பேரில், இதை வாயில் வைத்திருந்தவர்களில் ஒருவருக்கும் மருந்தில்லாத கரைசலை வைத்திருந்தவர்களில் எட்டுப் பேருக்கும் மீண்டும் ரத்தம் வந்ததைக் காட்டினர். கடையில் இதற்கென்று வாய்மருந்து கிடைக்காவிட்டாலும் கணக்கு எளிது: 500 மில்லிகிராம் உள்ள 5 மில்லிலிட்டர் ஊசிமருந்துக் குப்பியை உடைத்து அதே அளவு சுத்தமான நீரைச் சேர்த்தால் 5 சதவீதக் கரைசல் 10 மில்லிலிட்டர் கிடைக்கும். அதை இரண்டு நிமிடம் வாயில் வைத்திருந்து, நாளைக்கு நான்கு முறை. ஐந்து நாள் கொடுத்தாலும் இரண்டு நாள் கொடுத்தாலும் பலனில் வேறுபாடில்லை என்று 2003இல் ஆஸ்திரேலியாவில் செய்த ஒப்பீடு காட்டியதால் இரண்டு நாளுக்கே எழுதிக் கொடுத்தேன். வலிக்குப் பாராசிட்டமால் மட்டும், நாளைக்கு 2 கிராமுக்கு மிகாமல். அதையும் நாள்கணக்கில் நீட்டினால் ஐஎன்ஆர் ஏறும். பகல் பன்னிரண்டரைக்கு, குழி உலர்ந்திருக்க, வீட்டுக்குப் போனார்.

இரவு பத்தே கால்

ஒன்பதரை மணிக்கு மகனின் அழைப்பு வந்தது. தலையணை உறை நனைந்துவிட்டது, வாயில் ஈரல் போல ஏதோ தொங்குகிறது என்றார். பத்தே காலுக்கு வந்து சேர்ந்தார்கள். ரத்த அழுத்தம் 168/94. வாயில் இருந்தது, உறைந்தும் உறையாமலும் எச்சிலோடு திரண்ட வழுவழுப்பான கட்டி. இதன்மேல் எவ்வளவு பஞ்சு வைத்து அழுத்தினாலும் பயனில்லை. அதை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தபோது 36இன் குழி வறண்டு அமைதியாக இருந்தது. 37இன் பின்விளிம்பில், வீங்கிய ஈறைத் தையல்நூல் அறுத்துக்கொண்டு வெளியே வந்திருந்தது. அந்தக் கிழிசலிலிருந்து ரத்தம் மெதுவாக ஊறிக்கொண்டிருந்தது. விரல்நுனியில் ஒரு சொட்டு எடுத்துக் கையடக்கக் கருவியில் பார்த்தால் ஐஎன்ஆர் 3.2. காலையில் இருந்த அதே இடம்தான். மாத்திரைமேல் பழி போட இடமில்லை.

பழி என்மேல் இருந்தது. வாய்மருந்தை ஒரு வேளைகூட எடுக்கவில்லை என்றார். ஏன் என்று கேட்டதற்கு மகன் நான் கொடுத்த அச்சுத் தாளை நீட்டினார். அதில் முதல் வரி: “24 மணி நேரத்துக்கு வாய் கொப்பளிக்கக் கூடாது.” மருந்துச் சீட்டில் என் கையெழுத்தில்: “நான்கு வேளை கொப்பளிக்கவும்.” இரண்டில் கண்டிப்பாக இருந்ததை அவர்கள் பின்பற்றியிருக்கிறார்கள். பல ஆண்டுகளாக அந்தத் தாளைக் கொடுத்துவருகிறேன். இந்த முரண்பாடு அன்றுதான் கண்ணில் பட்டது. இப்போது அது, “மருந்துநீரை அசைக்காமல் வாயில் வைத்திருந்து, துப்பாமல் தானாக வழிய விடவும்” என்று பெரிய எழுத்தில் மாற்றப்பட்டிருக்கிறது.

கிழிந்த விளிம்பில் சிறிது மரப்பு மருந்து போட்டு, கிழிசலுக்கு அப்பால் ஆரோக்கியமான ஈறில் ஊசி குத்தி ஒரு குறுக்குத் தையல் போட்டு, டிரானெக்சாமிக் பஞ்சை இருபது நிமிடம் நானே விரலால் அழுத்திப் பிடித்தேன். நின்றது. அப்போது அவர், பஞ்சைக் கடித்தபடியே, “ராத்திரி மாத்திரை போடலை டாக்டர். ரத்தம் வருதேன்னு பயந்துட்டேன். இப்போ போடவா?” என்று கேட்டார்.

இந்த நிகழ்வில் எனக்கு உண்மையாகவே தயக்கம் வந்த இடம் அதுதான் என்பதை எழுதிவைக்க வேண்டும். கையில் ரத்தக்கறையோடு நிற்கும்போது “இன்று ஒரு நாள் விட்டுவிடுங்கள்” என்ற சொல் நாக்கின் நுனி வரை வந்துவிடுகிறது. அந்த ஒரு வேளையை விட்டாலும் குழியில் அன்றிரவு எந்த மாற்றமும் நடக்காது. ஒரு மாத்திரையின் விளைவு ஐஎன்ஆரில் முழுதாகத் தெரிய ஒன்றரை முதல் இரண்டு நாள் ஆகும். விடுவதால் ஆறுதல் எனக்கு, இரண்டு நாள் கழித்து வரும் சரிவு அவருக்கு. பதினொரு மணிக்கு, என் எதிரிலேயே, 3 மில்லிகிராமை விழுங்கினார். நள்ளிரவு வரை உட்கார வைத்துப் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

மற்றவர்களுக்கு இது பொருந்தும் அளவு

இவர் புதிய வகை உறைவுத்தடுப்பு மாத்திரைகளுக்கு மாறலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. செயற்கை வால்வில் அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானைச் சோதித்த ஆய்வு, உறைகட்டியும் ரத்தக்கசிவும் இரண்டுமே கூடியதால் இடையிலேயே நிறுத்தப்பட்டு 2013இல் வெளியானது. ருமாட்டிக் இதய நோயோடு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களில், வால்வு மாற்றப்படாதவர்களிடம்கூட, இன்னொரு புதிய மாத்திரையான ரிவராக்சபானைவிடப் பழைய வகை மருந்தே மேலானது என்று இந்தியாவும் பங்கேற்ற இன்விக்டஸ் ஆய்வு 2022இல் காட்டியது. ஆக நம் ஊரில் பல் மருத்துவரின் நாற்காலிக்கு அசிட்ரோமும் ஐஎன்ஆர் நோட்டும் இன்னும் நெடுங்காலம் வந்துகொண்டிருக்கும்.

புதிய மாத்திரைகளை உட்கொள்கிறவர்களுக்குக் கணக்கு வேறு. அவற்றை ஐஎன்ஆரால் அளக்க முடியாது, எனவே 1.2 என்று வந்த அறிக்கையைப் பார்த்து நிம்மதியடைவது தவறு. ஒன்றிரண்டு பல்லை எளிதாக எடுப்பதற்கு எதையும் மாற்ற வேண்டியதில்லை. பல பற்கள், ஈறைத் திறந்து செய்யும் வேலை என்றால், அபிக்சபானும் டாபிகாட்ரானும் அன்று காலை ஒரு வேளை மட்டும் விடப்படும். காலையில் ரிவராக்சபான் உட்கொள்கிறவர் ரத்தம் நின்ற பிறகு அதைத் தள்ளி எடுத்துக்கொள்வார். சிறுநீரகம் பழுதடைந்தவருக்கு இந்தக் கணக்கும் செல்லாது. மருந்து நீண்ட நேரம் உடலில் தங்கும். இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்த்து உட்கொள்கிறவருக்கு இரண்டையும் நிறுத்தவே கூடாது. ரத்தம் சற்று நேரம் கூடுதலாகக் கசியும், அவ்வளவுதான். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டால் அது மாரடைப்பு.

மெட்ரானிடசோலைப் பற்றிச் சொன்னது வாயில் வரும் பூஞ்சைத் தொற்றுக்குத் தடவும் மைக்கோனசோல் ஜெல்லுக்கும் பொருந்தும் என்பதைத் தனியே குறிப்பிட வேண்டும். தடவுகிற மருந்துதானே என்று எழுதிக் கொடுக்கப்படும் அந்த ஜெல் விழுங்கப்பட்டு ஐஎன்ஆரை மிக அபாயமான அளவுக்கு ஏற்றியிருக்கிறது. பிரிட்டன் அரசின் மருந்துக் கண்காணிப்பு அமைப்பே இதற்காக எச்சரிக்கை வெளியிட்டிருக்கிறது.

நம் நோயாளிக்கு வியாழக்கிழமை ஐஎன்ஆர் 2.8, அடுத்த திங்களன்று 3.0. திங்கள் இரவுக்குப் பிறகு ரத்தம் வரவில்லை. பதினான்காம் நாள் இரண்டு குழிகளின் மேலும் ஈறு மூடியிருந்தது. முன்கையின் நீலம் மஞ்சளாகி மறையத் தொடங்கியிருந்தது. முருங்கைக்கீரை சாப்பிடத் தொடங்கிவிட்டதாகச் சொன்னார். நோட்டில் அந்தத் திங்கட்கிழமை 3.1க்கு எதிரே “இரண்டு பல் எடுக்கப்பட்டது, மாத்திரை நிறுத்தப்படவில்லை” என்று எழுதிக் கையெழுத்திட்டேன். மேல் வலப்புற வேர்க்கட்டை இன்னும் பாக்கி இருக்கிறது. அடுத்த மாத ஐஎன்ஆர் எடுக்கும் நாளிலேயே, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, முதல் ஆளாக அவருக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறேன்.